கோல்கீப்பரைக் கூப்பிட்ட கதை

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்பின் கோல்கீப்பர். அவரைப்போல மோசமான கோல்கீப்பரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இந்த இரண்டு உண்மைகளும் ஒரே வீட்டுக்குள் இருந்ததால், ஐம்பதுகளில் ஓசூரில் நான் குடித்தனம் தொடங்கிய வருடங்கள் கொஞ்சம் சங்கடமாகவே போயின.

எனக்குப் பந்தாட்டம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பிறந்தது பாரூர். கோடையில் தண்ணீர் வற்றினால் ஏரிக்குள்தான் ஆட்டம். என் அண்ணன்மார் ஆட, நான் கரைமேல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை பந்தாடுவார் என்று தரகர் சொன்னதுமே எனக்குப் பாதிச் சம்மதம் வந்துவிட்டது. எந்த இடத்தில் நின்று ஆடுவார் என்று கேட்டிருக்க வேண்டும். பெண் வாய் திறந்து கேட்கிற காலமா அது?

ஓசூரில் எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் சந்தைத் திடல். சந்தை கூடாத நாளெல்லாம் அங்கே ஆட்டம்தான். பெண்கள் திடலுக்குப் போய் ஆட்டம் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆனால் துணி துவைப்பதை யார் தடுக்க முடியும்? துவைக்கிற கல் மதிலை ஒட்டி இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால் கழுத்துக்கு மேலே எல்லாம் மதிலுக்கு வெளியே. மேட்ச் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அழுக்குத் துணி குவிந்துவிடும். துவைத்ததையே மறுபடி துவைத்து என் ரவிக்கைகள் எல்லாம் சாயம் போனதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலும் ஒரு தலை தெரியும். அந்த அம்மாள் கன்னடக்காரர். அவர் வீட்டுக்காரர்தான் கிளப்பின் சென்டர் ஃபார்வர்ட். துணிக்கடையில் வேலை, ஆள் அழகு, கிராப்பு இன்னும் அழகு. பந்து தலைக்கு வந்தால் முடி கலைந்துவிடும் என்று குனிந்துகொள்வார். நாங்கள் தோற்பதற்குக் காரணம் கோல்கீப்பர் என்று அந்த அம்மாள் கன்னடத்தில் சொல்வார். கோல் போட ஆளில்லாததுதான் காரணம் என்று நான் தமிழில் சொல்வேன். அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும், நான் சொல்வது சரி என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவரவர் வீட்டுக்காரரை அவரவர்தானே தாங்க வேண்டும்?

என் வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கேதான் வந்தது வினை. முட்ட வருகிற மாட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றால் மாடு தானே விலகிப்போகும் என்பது அவருடைய அனுபவம். அதையே பந்துக்கும் வைத்துக்கொண்டார். எதிரணிக்காரன் பந்தோடு ஓடி வருவான். இவர் கோட்டின்மேல் கையை விரித்துக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தபடி நிற்பார். மாடு விலகும். பந்து விலகாதே. முன்னால் ஓடி வந்து அவன் காலடியிலேயே பந்தை அமுக்க வேண்டும் என்பது பாரூரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கைகாலைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். உட்கார்ந்ததும், "எப்படி ஆடினேன்?" என்று கேட்பார். துணி துவைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் கேட்டதில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும், தரை சரியில்லை என்று ஏதாவது சொல்லி வைப்பேன். ஒரே ஒரு தடவை மனசு கேட்காமல், கோட்டை விட்டு வெளியே வந்திருந்தால் பிடித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க என் குழம்பில் உப்பு சரியில்லை.

கிளப்பின் மேனேஜர் ஒரு பஸ் முதலாளி. ஊத்தங்கரை வரைக்கும் அவர் வண்டி ஓடியது. வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி வேண்டும், வண்டி அவரிடம்தான் இருந்தது, அதனால் அவர் மேனேஜர். பந்தாட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம், அப்போதும் இடம் மிஞ்சும். அவருடைய டிரைவர் லெஃப்ட் அவுட், கண்டக்டர் ரைட் அவுட். ஒரு முறை இடைவேளையில் ஊத்தங்கரை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் ஒன்பது பேரை வைத்து ஆடித் தோற்றோம். வண்டி மட்டும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம். அதைத்தான் மேனேஜர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய யோசனைகளில் பெரியது தெலுங்கு. கிருஷ்ணகிரிக்காரர்களோடு ஆடும்போது திடலில் எல்லோரும் தெலுங்கிலேயே பேச வேண்டும், அப்போதுதான் நம் திட்டம் அவர்களுக்குப் புரியாது என்று உத்தரவு போட்டார். கிருஷ்ணகிரி அணியில் பாதிப் பேர் வீட்டில் பேசுவதே தெலுங்குதான். எங்கள் கண்டக்டர் தட்டுத்தடுமாறிச் சொன்னதை அவர்களுடைய ஆள் ஒருவரே திருத்திக் கொடுத்து, பந்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

இவர்களுக்கு நடுவில் ஆட்டக்காரர் என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார். கல்லுடைக்கிற வேலைக்காரர், ஃபுல்பேக். நிற்க வைத்த இடத்தில் மலைபோல நிற்பார். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் பொருந்தினால் பெண் வீட்டாருக்கு ஆளைப் பிடிக்காது, ஆளைப் பிடித்தால் ஜாதகம் பொருந்தாது. அணியில் அவர் ஒருவர்தான் பிரம்மச்சாரி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோவில் தேர் முடிந்து அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கும் கிருஷ்ணகிரிக்கும் கப் ஆட்டம். வருடம் தவறாமல் நடக்கும், வருடம் தவறாமல் தோற்போம். அந்த வருடம் தேருக்கு முன்பே மேனேஜர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். இந்த முறையும் தோற்றால் கோல்கீப்பரை மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். பெங்களூரிலிருந்து ஒருவர் வரத் தயாராம். சொல்லிவிட்டு, நான் நீட்டிய மோரையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்து உட்கார்ந்த இவர் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சாணி, மருந்து, மாட்டுக்காரர்களின் ஏச்சு என்று வாரம் முழுக்கப் படுகிற மனிதர். அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிற்கிற நேரம்தான் அவருக்கென்று இருந்த ஒரே சுகம். கிளப்பின் ரசிகை என்ற முறையில் பெங்களூர்க்காரர் வரட்டும் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு தடவை ஜெயித்துக் கொடு என்று மலைக்கோவிலில் வேண்டிக்கொண்டேன். சாமிக்கும் சங்கடமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தர்மபுரியிலிருந்து ஒரு டிரில் மாஸ்டர் ரெஃப்ரியாக வந்திருந்தார். திடல் நிறைய ஆள். நான் கல்மேல் ஏறிவிட்டேன், பக்கத்து வீட்டு அம்மாளும் ஏறிவிட்டார். எங்கள் சென்டர் ஃபார்வர்டின் முதுகில் பட்டுத் தெறித்து எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவர்கள் ஒன்று போட்டார்கள், வழக்கம்போல இவர் கண்ணைப் பார்த்தபடி நிற்கும்போதே. ஆளுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிகிற நேரமும் வந்துவிட்டது.

அப்போது கிருஷ்ணகிரி ஃபார்வர்ட் ஒருவன் எல்லோரையும் தாண்டித் தனியாகப் பந்தோடு வந்தான். அந்தத் தை மாதம்தான் கல்யாணமான புது மாப்பிள்ளை. இவர் கோட்டின்மேல் கையை விரித்து நின்றுவிட்டார், மாடு விலகும் என்று. திடலில் இருந்தவர்கள் எல்லாம் இவர் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். சொல்லக் கூடாதவள் நான் ஒருத்திதான். புருஷன் பேரைச் சொன்னால் அவருடைய ஆயுசுக்கு ஆகாது. பேரைச் சொல்ல முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே, ஆனால் ஏரிக்கரைக் குரலில் கூப்பிட்டுவிட்டேன்.

"ஏங்க! வெளிய வாங்க!"

திடலில் இருந்த அத்தனை புருஷன்மாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொய் சொல்லவில்லை. எங்கள் டிரைவர் திரும்பினார், கண்டக்டர் திரும்பினார், சென்டர் ஃபார்வர்ட் கிராப்பைச் சரிசெய்துகொண்டே திரும்பினார். கிருஷ்ணகிரிக்காரர்கள் இவ்வளவு தூரம் வந்தும் தப்பவில்லை. அத்தனை பேர் தலையும் மதில் பக்கம். ரெஃப்ரி திரும்பியதில் வாயில் இருந்த விசில் கீழே விழுந்தது. எல்லோரையும்விட வேகமாகத் திரும்பியது அந்தப் புது மாப்பிள்ளைதான். கூப்பிட்டால் நிதானமாகத் திரும்பப் பழகாத கழுத்து, பாவம். அவன் காலை விட்டுப் பந்து தானாக உருண்டது.

திரும்பாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கோட்டை விட்டு, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் தடவையாக வெளியே ஓடி வந்தார். பந்தின்மேல் விழுந்தார், எழுந்தார், வீசினார். இன்னொருவர் ஃபுல்பேக். அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவரும் இல்லை என்பதால் அவர் ஏன் திரும்பப் போகிறார்? வந்த பந்தை வாங்கிக்கொண்டு, சிலைபோல நின்றவர்களுக்கு நடுவில் சந்தைக்குப் போகிறவர்போல நடந்தே போனார். கிருஷ்ணகிரி கோல்கீப்பர் பிள்ளைகுட்டிக்காரர். ஏதோ வாங்கி வரச் சொன்னதை மறந்துவிட்ட முகத்தோடு எங்கள் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அவர் பக்கத்தில் மெதுவாக உள்ளே போயிற்று.

நான் கல்லிலிருந்து இறங்கி, ஈரத் துணியை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஊரார் முன்னால் ஒரு மருமகள் இப்படிக் கூவலாமா? அதற்குள் திடலில் தகராறு. கிருஷ்ணகிரி கேப்டன் கோல் செல்லாது என்கிறார், பெண் குரல் கொடுத்தது சட்டவிரோதம் என்கிறார். டிரில் மாஸ்டர் விசிலைத் துடைத்துக்கொண்டே கேட்டது மதிலைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"அந்தம்மா அவங்க ஊட்டுக்காரரக் கூப்பிட்டாங்க. நீங்க எதுக்குத் திரும்பினீங்க?"

கேட்ட கையோடு கோல் செல்லும் என்று விசிலை ஊதிவிட்டார். கப் எங்களுக்கு வந்தது.

சாயங்காலம் மேனேஜர் மாலையோடு வாசலுக்கு வந்தார். இந்த வெற்றிக்குத் தம்முடைய தெலுங்குத் திட்டம்தான் அடிப்படை என்று முதலில் சொன்னார். பிறகு, பெங்களூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இவர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கோல்கீப்பர மாத்தினா, அந்தம்மா யாரக் கூப்பிடும்?" என்றார் மேனேஜர்.

இவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. வழக்கமான கேள்வியையும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன்.

"அத்தன பேரும் திரும்பித்தான் பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னதச் செஞ்சீங்க."

பிசைந்ததை எடுத்து வாயில் வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். அன்று உப்பு சரியாக இருந்தது.

கதையை இங்கேயே முடித்துவிட்டால் எனக்குக் கௌரவம். ஆனால் அடுத்த வருடமும் தேர் வந்தது, கிருஷ்ணகிரிக்காரர்களும் வந்தார்கள். பதினோரு பிரம்மச்சாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கே பிடித்தார்களோ, பாதிப் பேருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. எங்கள் ஃபுல்பேக்குக்கோ, அந்தக் கோலைப் பார்த்து ஜாதகம்கூடப் பார்க்காமல் பெண் கொடுத்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணமும் முடிந்திருந்தது.

மறுபடியும் ஆளுக்கு ஒன்று, மறுபடியும் ஒரு பையன் தனியாகப் பந்தோடு வருகிறான். மதில் நெடுக நின்ற பெண்கள் எல்லாம் என்னையே பார்க்கிறார்கள். கூப்பிட்டேன். கிருஷ்ணகிரிப் பையன்கள் ஒருவனும் திரும்பவில்லை. எங்கள் ஆட்கள்தான் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பினார்கள், முதல் ஆளாக ஃபுல்பேக். என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பாமல், சொன்னதுபோலவே கோட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்.

பையன் பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிக் கோலுக்குள் போட்டான்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.