கதவுப் பூட்டின் மாட்யூல் எங்கே இருக்கிறது?

இன்று காலை பிரேசர் டவுனில், நல்ல வெயிலில், என்னுடைய பழைய காருக்குள் நாற்பது நிமிடம் அடைபட்டுக் கிடந்தேன்.

நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டன. பூட்டுக் குமிழை மேலே இழுத்தால் உடனே மறுபடி இறங்கியது. பட்டனை அழுத்தினால் கண்ணாடியும் இறங்கவில்லை. மூச்சு முட்டியது.

எதிர்க் கடை மெக்கானிக் பாய் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "லாக்கோட மாட்யூல் எங்க இருக்குன்னு தெரியுமா சார்?"

"டேஷ்போர்டுக்குக் கீழ!" என்று கத்தினேன்.

"அது இஞ்சினோடது சார். இந்த வண்டில லாக்கோடது உங்க காலுக்கு அடில. கார்ப்பெட்டத் தூக்குங்க!"

தூக்கினேன். பூட்டை இயக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி தண்ணீரில் ஊறிக் கிடந்தது. முந்தாநாள் ஆயுத பூஜைக்காக உள்ளேயும் இரண்டு வாளி ஊற்றிக் கழுவியவன் நான்தான்.

அதன் பிளக்கைப் பிடுங்கினேன். இழுத்த குமிழ் மேலேயே நின்றது. வெளியே வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன வேல பாக்குறீங்க சார்?"

"எலெக்ட்ரானிக் சிட்டில, கார் மாட்யூலுக்கு புரோகிராம் எழுதறேன் பாய்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "அப்ப தண்ணி பட்டா கதவு தொறக்கணும்னு எழுதுங்க சார்."

உங்கள் வண்டியில் அந்தப் பெட்டி எங்கே என்று தெரிந்தவர்கள் மட்டும் என்னைக் கிண்டல் செய்யலாம்.