முள்ளில் நான்கு வெட்டுக்கிளிகள்

செய்யூர்ப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லைக்கு நீர் பாய்ச்சுபவர் அவர். காதை மூடிய மஃப்ளர், முழங்கால் வரை சேறு. மார்கழி முழுக்க விடியற்காலையில் அங்கே போனேன். குளிர்காலத்தில் வந்து தங்கும் கீச்சான் குருவி, பிடித்த பூச்சிகளை வேலி முள்ளில் குத்தி வைக்கும். அவற்றைத் தினமும் எண்ணுவதுதான் என் கல்லூரி ஆய்வு. நான் எழுதும்போதெல்லாம் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, பேனா நிற்கும் வரை பார்ப்பார்.

இடையில் ஒரு வாரம் முள்ளில் எதுவுமே இல்லை. பிறகு ஒருநாள் நான்கு வெட்டுக்கிளிகள். ஒரே கிளையில், சீரான இடைவெளியில், எல்லாம் வரப்பைப் பார்த்தபடி. எந்தக் குருவியும் இப்படி அடுக்காது.

"அண்ணே, நீங்க வெச்சதா?"

"பின்ன இன்னா தம்பி? டெய்லி வர்ற, நோட்டுல முட்டை எழுதிகினு மூஞ்சத் தொங்கப்போட்டுகினு போற. வாத்தியாரு ஃபெயிலாக்கிட மாட்டாரு?"

நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். இருபது நாள் கணக்கும் பொய்யா?

"முன்னாடியும் வெச்சீங்களா?"

"எங்க? தேடிகினுதான் இருந்தேன். இன்னிக்குதான் நாலு ஆப்டுச்சு."

அப்படியானால் பழைய கணக்கு மெய்தான். அன்றைக்கும் பூஜ்யம் எழுதினேன்.

"முட்டைக்கும் மார்க் உண்டுண்ணே."

"சும்மா சொல்லாத" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வேட்டில் அந்தப் பூஜ்யம் இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம், நான் தோற்றுவிடக் கூடாதென்று பனியில் குனிந்து வெட்டுக்கிளி தேடியவர்தான் தெரிகிறார்.