லிஃப்ட் மறுக்கப்பட்ட ராங்கெல்

ராங்கெல் மீஹொவுக்கு இருபத்தொன்பது வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பகலில் பெர்னிக் நகரப் பேருந்து நிலையத்தில் செல்போன் உறை விற்பான். சாயங்காலம் எட்டாவது மாடி வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்தால் ஊரின் வீடியோ கேம் அணியில் அவன்தான் குறி தவறாமல் சுடுபவன். முதல் பதினைந்து ரவுண்டு வரை அவனை யாராலும் அசைக்க முடியாது. அதற்கப்புறம் உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். சொந்த அணிக்காரனையே சுட்டுவிட்டு, குறுக்கே வந்தாய் என்று அவனையே திட்டுவான். அணியில் அவனுக்கு ‘அரை ஆட்டம்’ என்று பெயர்.

பிப்ரவரியில் லிஃப்ட் நின்றுபோனது. ஏதோ பல்சக்கரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். இன்னொருவனாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறியிருப்பான். ராங்கெலுக்கு மறதி. ரொட்டி வாங்கப் போனால் தயிரை மறப்பான், தயிருக்குப் போனால் சிகரெட்டை மறப்பான். தினமும் ஆறு ஏழு தடவை ஏறி இறங்கினான். முதல் வாரம் நான்காவது மாடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கட்டட நிர்வாகி வாஸ்கா மனம் பொறுக்காமல் அங்கே ஒரு நாற்காலி போட்டார். பள்ளிக்கூட கேண்டீனில் முப்பது வருஷம் கரண்டி பிடித்த பெண்மணி அவர்.

ஏப்ரல் முடிவதற்குள் பதின்மூன்று கிலோ குறைந்திருந்தது. அதைவிட வினோதம், இருபத்தைந்தாவது ரவுண்டிலும் அவன் கை வியர்க்கவில்லை. பெர்னிக் அணி வரிசையாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. அணித் தலைவன் இஸ்க்ரென் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன், எதையும் எழுதி வைத்துப் பார்ப்பவன்.

“திங்கக்கிழமை ஏழு தடவை ஏறியிருக்க, முப்பத்தோரு பேரைச் சுட்டிருக்க. புதன்கிழமை காய்ச்சல்னு வீட்லயே கெடந்த, ஒம்போது. படிதான்டா காரணம்.”

“படியாவது மண்ணாவது! புது மவுஸ் வாங்கினேன்ல, அது.”

“அந்த மவுஸை மாத்துறதுக்கு நாலு தடவை கடைக்கு எறங்கி ஏறுனியே, அதுடா!”

மே மாதம் பல்சக்கரம் வந்து சேர்ந்தது. லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று ராங்கெல் அதன் கதவுக்கு முத்தம் கொடுத்தான். அடுத்த மூன்று பயிற்சி ஆட்டங்களிலும் அணி தோற்றது. இஸ்க்ரென் ஓடி வந்தான்.

“லிஃப்ட் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ படியில ஏறேன்டா!”

“அது வாயைத் தொறந்துகிட்டு நிக்குது. அதைப் பாத்துகிட்டே எந்த மனுஷன்டா நடப்பான்?”

அவன் பொய் சொல்லவில்லை. மூன்று தடவை மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியடியில் போய் நின்றிருக்கிறான். மூன்று தடவையும், எப்படி வந்தோம் என்றே தெரியாமல், மூச்சு வாங்காமல் எட்டாவது மாடியில் நின்றான்.

இஸ்க்ரென் வாஸ்காவிடம் முறையிட்டான். தபால் பெட்டிகளுக்கு முன்னால் கட்டடக் கூட்டம் கூடியது.

“லிஃப்டை மறுபடி உடைச்சுடலாம்” என்றார் ஏழாவது மாடி மின்கோ, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“கொஞ்சம் சும்மா இருங்க மின்கோ. என் முட்டி பட்ட பாடு எனக்குத் தெரியும்” என்றார் வாஸ்கா. “அவன் சிப்பை மட்டும் வெட்டிடுவோம்.”

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீலச் சிப் உண்டு. அதைக் காட்டினால்தான் லிஃப்ட் நகரும். மாதச் சந்தா கட்டாதவர்களுக்கு அதன் இணைப்பை வெட்டுவது வழக்கம்.

“அவன்தான் கட்டிட்டானே?” என்று யாரோ கேட்டார்கள்.

“கட்டட்டும். கட்டிட்டு நடக்கட்டும். பெர்னிக் ஜெயிக்கணும்னு நெனைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

இருபது கைகள் உயர்ந்தன. பின்னால் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ராங்கெலும் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு, உற்சாகமாகக் கை தூக்கியிருந்தான்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கி வந்து சிப்பைக் காட்டினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“மின்கோ மாமா, நானும் உங்களோட ஒட்டிக்கிறேனே.”

“தீர்மானம்னா தீர்மானம்தான் தம்பி. எப்படியும் நடந்துதானே வரப்போற? இந்தத் தர்பூசணியையும் தூக்கிட்டு வந்துடு.”

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. வீட்டு எண் எழுதிய சீட்டோடு படியடியில் மூட்டைகள் காத்திருந்தன. செர்ரிப் பெட்டி, உருளைக்கிழங்கு மூட்டை, ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது மாடிக்காரரின் வாஷிங் மெஷின். வைதுகொண்டே எல்லாவற்றையும் ஏற்றினான். ஆட்டத்தில் அவன் குறி திரும்பவும் தப்பவே இல்லை.

ஜூன் கடைசியில் தலைநகர் சோஃபியாவில் இறுதிப் போட்டி. வீரர்கள் காத்திருக்கும் அறையில் பஞ்சு மெத்தை நாற்காலிகள். ஒரு மணி நேரம் உட்கார்ந்ததும் ராங்கெலின் கை ஈரமாகத் தொடங்கியது. இஸ்க்ரென் படி தேடி ஓடினான். அரங்கத்தின் பார்வையாளர் பகுதியில் படிகள் இருந்தன, ஆனால் சுமைக்கு எங்கே போவது? பெரிய பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கட்டடத்துக்காரர்கள் எல்லோரோடும் பேருந்து பிடித்து வந்திருந்த வாஸ்கா செருப்பைக் கழற்றினார்.

“எழுபத்தாறு கிலோ. நாலு தர்பூசணிக்கு மேலயே வரும். குனிடா.”

அவரை முதுகில் சுமந்துகொண்டு ராங்கெல் பத்துத் தடவை ஏறி இறங்கினான். “காலை மடக்குங்க, இங்க வேலை நடக்குது!” என்று படியோரம் உட்கார்ந்திருந்தவர்களை வாஸ்கா மேலிருந்து அதட்டினார். தொடக்க விழா நிகழ்ச்சி என்று நினைத்து ஜனம் கை தட்டியது. எதிரணித் தலைவன் நடுவரிடம் புகார் செய்தான். நடுவர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். வயது வந்த பெண்மணியைச் சுமக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கடைசி ரவுண்டில் ராங்கெல் ஒருவன்தான் மிச்சம், எதிரில் மூன்று பேர். மாவு பூசியதுபோல் காய்ந்த கையோடு மூன்றே தடவை சுட்டான். பெர்னிக் ஜெயித்தது. மின்கோ சந்தோஷத்தில் எதிரணிப் பையன் ஒருவனைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மறுநாள் செய்தித்தாளில் வந்தது கோப்பையின் படம் அல்ல. வாஸ்காவைச் சுமந்த ராங்கெலின் படம். அதைப் பார்த்துவிட்டு, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் ஒரு கம்பெனிக்காரர் அவனைத் தேடி வந்தார். செல்போன் உறைகளை விட்டுவிட்டு அலமாரி தூக்கப் போனான் ராங்கெல். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்தான்.

ஆகஸ்ட்டில் சிக்கல் வந்தது. ஆறாவது ரவுண்டிலேயே விசைப்பலகையில் நெற்றி சாய்ந்து தூங்கிவிடுவான். திரையில் அவனுடைய ஆள் சுவரை முட்டி முட்டி நடந்துகொண்டிருப்பான்.

“சோஃபா தூக்குறதைக் கொஞ்சம் கொறச்சுக்கோயேன்டா” என்று ஒரு சாயங்காலம் இஸ்க்ரென் கெஞ்சினான். “நாளைக்கு ரெண்டு போதும்.”

“நாளைக்கு பியானோடா.” ராங்கெலின் கண்கள் மின்னின. “அஞ்சாவது மாடி. லிஃப்டுல நுழையாதாம்.”

சொல்லிவிட்டுக் கட்டிலில் விழுந்தான், அப்போதே குறட்டை விட்டான். இஸ்க்ரென் அவன் காலிலிருந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுப் போனான்.