பப்படத்தில் அளந்த ஒளி

இருபது வருடமாக உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, இலத்திரனின் ஏற்றம் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அவற்றில் ஒன்றையாவது நானாக அளந்தது கிடையாது.

எங்கள் ஆய்வுகூடத்தில் அப்படியொரு கெட்ட பழக்கமும் இல்லை. கருவிகள் பழுதாகிவிடும் என்று அலுமாரியில் பூட்டி வைத்தோம், பூட்டியபடியே பழுதாகிவிட்டன. மிஞ்சியது புவியீர்ப்பை அளக்கிற ஊசல். பிள்ளைகள் முதலில் 9.8 என்று விடையை எழுதிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற வாசிப்புகளை நிரப்புவார்கள். மின்விசிறிக் காற்றில் ஊசல் வட்டமடித்தாலும் 9.8 வராமல் போனதில்லை. இயற்கைக்குத் திருகோணமலைமேல் அவ்வளவு பட்சம்.

போன வருடம் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி அறிவித்தார்கள். சாவதற்கு முதல் ஒரு மாறிலியையாவது என் கையால் அளந்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. வீட்டில் லண்டன் மைத்துனர் வாங்கித் தந்த மைக்ரோவேவ் இருந்தது. மேலே பின்னல் துணி, அதற்கு மேலே பிளாஸ்ரிக் பூ, உள்ளே எறும்புக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த பாண். அதில் எதையாவது சூடாக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பாணை வெளியே எடுத்தேன். சுழலும் தட்டைக் கழற்றிவிட்டுப் பச்சைப் பப்படம் ஒன்றை வைத்தேன். தட்டுச் சுழலாவிட்டால் அலை குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சூடாக்கும். அங்கே மட்டும் பப்படம் பொரியும். அடுத்தடுத்துப் பொரிந்த இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரம் அரை அலைநீளம். இந்த அலையும் ஒளியின் இனம்தான், ஆகவே அதை இரட்டித்து மீடிறனால் பெருக்கினால் ஒளியின் வேகம் வந்துவிடும். அலை செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்ற அந்த மீடிறன் பெட்டியின் முதுகிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"எவ்வளவு வரவேணும்?"

"வாறதுதான் வரும்."

"அது தெரியாமலோ அளக்கிறீர்?"

முதல் பப்படம் கருகியது. அடுத்ததில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் எழும்பின. அடிமட்டத்தை வைத்தேன். ஆறு சென்ரிமீற்றர். பெருக்கினால், செக்கனுக்கு இருபத்தொன்பது கோடியே நாற்பது லட்சம் மீற்றர். புத்தகத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு. கதிரையில் இருந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். இத்தனை வருடம் கதையில் மட்டும் கேட்ட ஆளை நேரில் கண்டது போல இருந்தது. கணவர் மிச்சப் பப்படங்களைப் பொரித்துச் சோற்றோடு சாப்பிட்டார்.

பெரிய மட்டையில் பப்படத்தை ஒட்டி, கீழே அடிமட்டத்தால் அளந்தது என்று என் எண்ணை எழுதி அதிபரிடம் கொண்டுபோனேன்.

"ரீச்சர், புத்தகத்தில வேற மாதிரியெல்லோ கிடக்கு?"

"ஓம் சேர். இது நான் அளந்தது. அடிமட்டத்தால இதுக்கு மேல ஏலாது."

"பிழையை ஏன் இவ்வளவு பெருசா எழுதி வைப்பான்?" என்றார், அன்பாகத்தான்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். இப்போது ஒளியின் வேகத்தை யாரும் அளப்பதில்லை, உலகம் கூடி அந்த எண்ணைத் தீர்மானித்துவிட்டது, மீற்றரையே அதிலிருந்துதான் எடுக்கிறார்கள், ஆகவே குறை ஒளியில் இல்லை, என் அடிமட்டத்தில்தான் என்று விளக்கினேன்.

அதிபரின் முகம் மலர்ந்தது. "பிறகென்ன, தீர்மானிச்சதையே போடுவம்."

மறுநாள் காலை என் எண்ணுக்கு மேல் வெள்ளைப் பெயின்ற் பூசி, 299,792,458 என்று சிவப்பில் எழுதியிருந்தது. பப்படம் அப்படியே இருந்தது. நடுவராக வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"வெறும் அடிமட்டத்தால ஒன்பது இலக்கமும் சரியா எடுத்திருக்கிறியள், ரீச்சர்."

துல்லியத்துக்கான முதற்பரிசு எங்களுக்குத்தான். கிண்ணம் இப்போது கருவிகளோடு அலுமாரியில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது.

இந்த வருடம் பப்படமும் எங்கள் செய்முறைகளில் சேர்ந்துவிட்டது. வகுப்பில் எல்லாருக்கும் ஒன்பது இலக்கமும் சரியாக வருகிறது. பப்படம் கொண்டுவராத பிள்ளைக்கும் வந்தது. என் எண் மட்டையில் அந்த வெள்ளைப் பெயின்றுக்குக் கீழே கிடக்கிறது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். எனக்கு அது போதாது.