கம்பெனியில் ஜோசியர் இல்லை

ராயபுரத்துக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம் இங்குள்ளவர்கள் வயது சொல்லும் விதம். கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். எண்ணாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். "எம்டன் குண்டு போட்டப்போ நா கைக்கொயந்த" என்பார் ஒருவர். "ஜப்பான்காரன் வரான்னு ஊரே காலி பண்ணிக்கினு ஓட்ச்சே, அப்பத்தான் எனுக்கு மீச மொளச்சுது" என்பார் இன்னொருவர். கப்பலும் குண்டும் வராத வருஷங்களில் இந்தத் துறைமுகக் கரையில் யாருமே பிறக்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். நம் தெற்கத்திச் செம்மண் தேரிக்காட்டில் அப்படியா? இன்னார் மகன் இன்ன தேதியில் பிறந்தான், இன்ன ஞாயிறு ஞானஸ்நானம் பெற்றான் என்று சபை ரிஜிஸ்டரில் பளிச்சென்று இருக்கும். இதில் உனக்கென்னட்டி நஷ்டம் என்று கேட்பீர்கள். ஊர் விட்டு ஊர் வந்த எனக்கு மற்றவர்களின் வயதுதான் சோறு போடுகிறது. நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

ஆமாம், பொம்பிளை ஏஜெண்ட்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். என் வீட்டுக்காரர் இங்கே உறவுக்காரர் ஒருவரின் பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதுகிறார். மண்டிக்கு வந்துபோகும் இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், ஏஜென்சி எடுத்துக்கொள்ளும்படி முதலில் அவரைத்தான் கேட்டார். அவருக்கோ அந்நியரோடு பேசினால் வியர்க்கும். எனக்குப் பேசாமல் இருந்தால் வியர்க்கும். அதனால் லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. செய்தி ஊருக்கு எட்டியதும் அம்மாவிடமிருந்து கடிதம். "எஸ்தரு, மனுசன் சாவை வச்சா யாவாரம் பண்ணுத? நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்யுத வேலையா அது?" என்று பேசுகிறபடியே எழுதியிருந்தாள்.

அம்மா மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. அப்பா உபதேசியாராக இருந்தபோது, சபை ஊழியர்களின் கைம்பெண் சகாய நிதிக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். "நான் சாகுததுக்கு நானே முன்பணம் கட்டுதேன்" என்று அப்பா முனகுவார். காலரா அவரைக் கொண்டுபோன பிறகு அந்த நிதிதான் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது, என்னை ஆசிரியை டிரெயினிங் பள்ளிவரை படிக்க வைத்தது. ஆனால் பணம் வாங்கப் போகும் அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். பணம் கொடுப்பவர் தங்கமான மனிதர். அவர் வீட்டம்மாள்தான் அம்மாவின் சேலையை மேலும் கீழும் பார்ப்பாள். "புதுச் சேலையோ? பரவாயில்லையே!" என்பாள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், கை கொடுக்கும் இடத்துக்குக் கண்ணும் கூடவே வந்துவிடுகிறது. பணம் வாங்கப் போகும் நாளில் அம்மா கிழிசல் சேலையாகப் பார்த்துக் கட்டத் தொடங்கினாள். பட்டணத்துக் கம்பெனியின் பணம் தபாலில் வரும், அதற்குக் கண் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோதே நான் இந்த வேலைக்கு மனதுக்குள் சம்மதித்துவிட்டேன்.

போன வருஷம் தை மாதத்தில், திருவொற்றியூர் தீப்பெட்டி ஃபாக்டரிக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஏழுமலையைச் சந்தித்தேன். ஃபாக்டரியில் ஃபிட்டர். பொதுவாக என் தலை தெரிந்ததுமே ஆண்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். இவரோ தானே கூப்பிட்டார். "டீச்சரம்மா, நா பூட்டேன்னா இவ கைக்குத் துட்டு வரணும். எம்மாம் கட்டணும், சொல்லு" என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று விண்ணப்பப் பாரத்தை விரித்தேன். அவர் மனைவி பவுனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயது கேட்டதற்கு அவள்தான் பதில் சொன்னாள். "எம்டன் குண்டு போட்ட அன்னிக்கி வீல்வீல்னு அய்தாராம். எங்க மாமியா தூக்கினு புழல் வரிக்கும் ஓடிச்சாம்." எம்டனைக் கம்பெனி ஒப்புக்கொள்ளாது, பள்ளிக்கூடச் சான்றோ ஜாதகமோ வேண்டும் என்றேன். ஏழுமலை பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவருடைய அப்பா கோயில் சன்னதியில் பூக்கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் இருவருக்கும் ஜாதகம் எழுதி வைத்திருந்தார். "நாளிக்கி வா, குட்க்கிறேன்" என்றார் ஏழுமலை. மறுநாள் மஞ்சள் தடவிய காகிதம் ஒன்று என் கைக்கு வந்தது.

ஜாதகம் என்றால் கட்டம் போட்ட காகிதம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மண்டிக் கணக்கில் தமிழ் வருஷம் எழுதிப் பழகிய என் வீட்டுக்காரர்தான் படித்தார். "சித்தார்த்தி வருசம்னு போட்டிருக்கு. பத்தொம்பதுலா அது? இப்பம் ஆளுக்கு முப்பத்திநாலு வயசு" என்றார். எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில். பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னதாகவே வீல்வீலென்று அழுத குழந்தையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. வயது குறைந்தால் கட்டுகிற பிரீமியமும் குறையும்; அதற்காகப் புளுகுகிறவர்கள் உண்டு என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இந்தப் பொய்யோடு பாலிசி வந்து, பிறகு அந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால், பவுனம்மா பணத்துக்குப் பதிலாகக் கேள்விகளை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். ஏழுமலை வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. "இது ஆரு ஜாதகம்?" என்று கேட்டதுதான் தாமதம், பவுனம்மா அழுதுவிட்டாள். "அவரு தம்பியோடதுக்கா. எண்ணூர்ல உப்பளத்துல கீதே, அத்தோடது. தீர்க்காயுசுன்னு எய்தி கீது. எங்க வூட்டுக்காரர்துல நாப்பது முடியறதுக்குள்ள கண்டம்னு போட்டு கீது. உங்க கம்பினி ஜோசியரு அத்தப் பாத்தா எட்துப்பாரா? தொரத்திட மாட்டாரு?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்சம் யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயமும் தெரிந்தது. உயிருக்குப் பணம் தருகிற கம்பெனி ஜாதகம் கேட்கிறது என்றால், ஆயுளைப் பார்க்காமல் வேறெதற்குக் கேட்கும்? ஆனால் அவள் அடுத்துச் சொன்னதில் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வருகிற ஆவணியில் நாற்பது நிரம்புகிறது, அதற்குள் சாவு என்று அந்த மனிதர் முடிவே கட்டிவிட்டார். ஏணி ஏறும் வேலை என்றால் மாட்டேன் என்கிறார். சைக்கிளை விற்றுவிட்டார். தனக்குப் பின் எண்ணூரில் தம்பி வீட்டுக்குப் போய்விடு என்று தினமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறார். "உயிரோட கீற ஆளுக்கு நா டெய்லி தாலி அறுத்துகினு கீறேன்கா" என்றாள் பவுனம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏழுமலை வந்ததும், "கம்பெனியில ஜோசியர் இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை. "அப்பால எவன் சாவான்னு அவனுக்கு எப்டி தெரியும்?" "தெரியாது. தெரிய வேண்டாம்" என்றேன். அது அவருக்கு மழுப்பலாகப் பட்டிருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். "இதுல எந்தக் குச்சி பத்தாதுன்னு சொல்ல முடியுமா?" கேட்டது வம்பாகிவிட்டது. மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க பேக்டரி குச்சி எல்லாமே பத்தும். நமுத்துப் போறது உங்க தெற்கத்திப் பொட்டிதான்!" நம் சிவகாசிக்காகச் சண்டை போட அது நேரமில்லை. "சரி, ஆயிரம் பெட்டியில?" என்றேன். "ஒன்னு ரெண்டு இர்க்கும். ஆயிரத்துக்கு எத்தினின்னு ஆபீசுல கணக்கு வச்சிகினு கீறான்." "எந்தப் பெட்டியிலன்னு?" "அது எவனுக்குத் தெரியும்?" என்று சொன்னவர், என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார்.

அவ்வளவுதான் கம்பெனியும். இன்ன வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஒரு வருஷத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று அவர்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. யார் யார் என்று அதில் இல்லை. ஆயிரம் பேரும் கட்டுகிறார்கள். கட்டிய பணமும் பெட்டியில் படுத்துத் தூங்குவதில்லை. சர்க்கார் கடன் பத்திரத்துக்குப் போகிறது, எங்கோ அணை கட்டப் போகிறது, வட்டியோடு திரும்பி வந்து, யார் வீட்டில் விளக்கு அணைந்ததோ அந்த வீட்டுக்குப் போகிறது. கட்டிய பெரும்பாலோர் உயிரோடிருந்து, தவணை முடிந்து தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சகாய நிதியும் இதே கணக்குத்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே நம்மைத் தாங்கியவர்களை நமக்குத் தெரியும், அவர்களுக்கும் நம் சேலை தெரியும். இங்கே முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு, தாங்குவது தெரியாமலே ரயிலிலும் பஸ்ஸிலும் இடித்துக்கொண்டு போகிறார்கள். பட்டணத்தில் மனிதருக்கு மனிதர் ஒட்டு இல்லை என்று நாமெல்லாம் சொல்கிறோமே, அதை நான் இப்போது சொல்வதில்லை.

ஏழுமலை தன் சொந்த ஜாதகத்தைத் தந்தார். ஆனந்த வருஷம், ஆவணி மாதம், கேட்டை நட்சத்திரம். கம்பெனி ஆபீசில் குமாஸ்தா அதை வாங்கிப் பார்க்கும்போது நான் எதிரிலேயே நின்றேன். அவர் முதல் வரியிலிருந்த வருஷத்தையும் மாதத்தையும் குறித்துக்கொண்டு காகிதத்தை மடித்துவிட்டார். திரும்பிப் போய் இதைச் சொன்னால் ஏழுமலைக்கு ஏமாற்றமாகவே இருந்தது. "கட்டத்தப் பாக்கவே இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கம்பெனி டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்தார். தராசில் ஏற்றி இறக்கினார். பதில் வர நாள் பிடித்தது. அதுவரை நான் போகும்போதெல்லாம் பவுனம்மா வாசலுக்கு வந்து என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். எனக்கும் ஜெபத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனி மாதக் கடைசியில் பாலிசி வந்தது. உண்மை வயதுக்கு உரிய பிரீமியம். தம்பியின் சித்தார்த்தி வருஷ வயதுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிடச் சில அணாக்கள் கூடுதல். இங்கிலீஷில் இருந்ததை நான் தமிழில் படித்துச் சொன்னேன். ஏழுமலை குறுக்கிட்டார். "இரு. என்னோட நெச வயசு கம்பினிக்குத் தெரியுமா?" "தெரியும்." "இந்த ஆவணில நாப்பது முடியுதுன்னு?" "அதுவும் தெரியும்." "தெரிஞ்சுமா எட்துகினாங்கோ?" அவர் பவுனம்மாவைப் பார்த்தார். "இன்னா பவுனு, எவனாவது நஷ்டத்துக்கு யாவாரம் பண்ணுவானா?" என்று கேட்டுவிட்டு, இத்தனை மாதங்களில் நான் கேட்டிராத ஒரு சிரிப்புச் சிரித்தார். கம்பெனி நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை, ஆயிரத்தில் ஒருவராக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கப் புறப்பட்ட நான், வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பேசாமல் இருக்கவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அடுத்த வாரமே அவர் ஏணி ஏறினார் என்று பவுனம்மா சொன்னாள். ஜாதகம் இருந்த தகரப்பெட்டியில், அதற்கு மேலே பாலிசி உட்கார்ந்துகொண்டது.

ஆவணி வந்தது, போனது; ஏழுமலை இருந்தார். நாற்பது நிரம்பிய கேட்டை நட்சத்திரத்தன்று பவுனம்மா என்னை வடிவுடையம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். புருஷன் பெயருக்கு அர்ச்சனை முடிந்ததும், "அப்டியே கம்பினி பேருக்கு ஒன்னு பண்ணு சாமி" என்றாள். அர்ச்சகர் திகைத்தார். "ஆள் பேரு சொல்லும்மா" என்றார். "அப்ப இவங்க பேருக்குப் பண்ணு. எஸ்தரு." அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நட்சத்திரம்?" என்றார். எனக்கு ஏது நட்சத்திரம்? பவுனம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்க வூட்டு நட்சத்திரமே போடு சாமி, கேட்டை" என்றாள். கேட்டை நட்சத்திரத்து எஸ்தருக்காக மணி அடித்தது. உபதேசியார் மகள் அங்கே நின்று அதைக் கேட்டேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் அம்மாவுக்கு இந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

பவுனம்மா என் வலது கையில் குங்குமத்தை வைத்து விரல்களை மூடிவிட்டாள். எங்கள் சபையில் நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் வழக்கமில்லை. அவள் அன்போடு தந்ததைக் கொட்டவும் மனமில்லை. கையை மூடியபடியே பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் இடது கையால் காசு நீட்டினேன். "இன்னாம்மா, சோத்துக் கைக்கு இன்னா ஆச்சு?" என்று அதட்டினார். விரித்துக் காட்டினேன். அவர் குரல் அடங்கியது. ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீடு வந்து சேர்ந்தபோது வியர்வையில் குங்குமம் கரைந்து உள்ளங்கை முழுக்கச் சிவந்திருந்தது. கழுவுவதற்குச் செம்பில் தண்ணீர் மொண்டேன். மொண்ட தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு, அன்று மாலை அடுப்பை இடது கையாலேயே மூட்டினேன்.