ஜலீலின் பிளம்ஸ் கொழுக்கட்டை

மெல்பேர்ன் பக்கத்து டண்டினொங்கில் ஒரு பாக்டரியில் மெஷின் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஜலீல் வாயைத் திறந்தால் செக் நாட்டுக் கதைதான். இளவயதில் ஸ்கொலர்ஷிப் கிடைத்து பிர்னோ நகரத்துக்குப் படிக்கப் போனவர். மற்றவர்களுக்குப் பன்றி இறைச்சி போடுகிற நாட்களில், ஹொஸ்டல் சமையல்காரி இவருக்கென்று தனியாகப் பிளம்ஸ் பழத்தை மாவில் பொதிந்து அவித்து, வெண்ணெய் ஊற்றி, கசகசாத் தூளும் சீனியும் தூவித் தருவாளாம்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நஸீராவைப் படாத பாடு படுத்தியது இந்தக் கதைதான். பாவம், கேட்டதை வைத்து அவளும் ஒவ்வொரு நோன்புக்கும் பேரீச்சம்பழம் வைத்துக் கொழுக்கட்டை அவித்து, வறுத்த எள்ளுத் தூவி வைப்பாள். மனுஷன் நோன்பு திறந்த கையோடு ஐந்தாறை உள்ளே தள்ளிவிட்டு, "அது மாதிரி வரல்ல" என்பார். கொஞ்சமும் வாய் கூசாது.

மெல்பேர்னில் ஒரு சின்ன செக் சாப்பாட்டுக் கடை இருப்பதை மகள் லுப்னா கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூட்டிப்போனாள். நஸீராவுக்கு ஒரே யோசனை. அசலைத் தின்ற பிறகு தன் கொழுக்கட்டையை இவர் தொடுவாரோ என்னவோ.

ஜலீல் அரைகுறையாக ஞாபகமிருந்த செக் பாஷையில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதில்லையே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். தட்டு வந்தது. ஒரு வாய் வைத்தார். அதே புளிப்பு, அதே வெண்ணெய் மணம். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, வீட்டு நினைப்பில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்த மத்தியானங்களும், பக்கத்தில் நின்று சாப்பிடு சாப்பிடு என்ற அந்த மனுஷியும் கண்முன்னே வர, அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுதானா?" என்று நஸீரா கேட்டாள்.

"ஓம். இதேதான்."

அவளும் ஒன்றைப் பிய்த்துத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

"அந்தக் காலத்துல சாப்பிட்டு முடிய அந்த ஹொஸ்டல் பொம்புளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"நன்றி சொல்லுவன். ஒவ்வொரு தரமும்."

நஸீரா தட்டைப் பார்த்தாள். அப்போதுதான் ஜலீலுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

"இது வேற, நீ செய்றது வேற" என்றார் மெதுவாக. "இந்த நோன்புக்கும் செஞ்சி தா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"ஒண்டும் சொல்லாம இரிக்க வேணாம்" என்றாள் நஸீரா. "நல்லா இரிக்கி எண்டு சொல்லுங்க."