இடது முன் சக்கரம்

தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. ஒரு கடைவாய்ப்பல் மயிரிழை உயரமாக நின்றாலும், மெல்லுகிறவருக்குத் தாடை நோகும் என்று திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பார். அங்கே அவர் கையில் பிழை வந்ததாக யாரும் சொன்னதில்லை. அதே கை வீட்டுக்கு வந்து ஸ்பேனரைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கார் மாமனாருடையது. பார்வை மங்கி, ஓட்டுவதை நிறுத்திய பிறகு, விற்க மனமில்லாமல் மருமகன் தலையில் கட்டிவிட்டார். அன்றைக்கு இவர் முகத்தில் பொங்கிய சந்தோஷம் தன்னைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கு இல்லை என்று மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

முதல் வருஷமே, இன்ஜின் ஆயிலை இறக்குவதாக நினைத்துக் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிவிட்டார். பிறகு, ஏற்கெனவே நிரம்பியிருந்த இன்ஜினில் இன்னொரு டப்பாவைக் கவிழ்த்தார். கிளப்பியதும் தெருவே புகைக்குள் மறைந்தது. ஹாரன் வயரைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் தானாக அடித்தது. தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கள், வண்டி கண்ணில் படும் முன்பே எழுந்து போகப் பழகிக்கொண்டன. இன்ஜின் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெந்நீரில் திறக்கிறதா என்று பார்க்கப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். அது வேலை செய்தது. பாத்திரம்தான் பிறகு எதற்கும் ஆகாமல் போயிற்று. வீட்டில் ஒரு பாத்திரம் காணவில்லையென்றால் திருடனைத் தேட மாட்டேன், கார் பானட்டைத் தூக்கிப் பார்ப்பேன் என்பாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவைப்பார். ஆனால் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அவருக்கு வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்துகொள்ளும். எதையோ இறுக்கவில்லை, எதையோ மாட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் பொட்டு வைக்கும் வழக்கத்தைக் கண்டுபிடித்தார். ஒரு நட்டை முழுதாக இறுக்கி முடித்ததும், அதன் தலையில் மகளுடைய நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் இறுக்கியாயிற்று, இல்லையென்றால் இல்லை. அடுத்த முறை கழற்றும்போது பழைய பொட்டைப் பெயிண்ட் தின்னரால் துடைத்துவிட வேண்டும் என்பது அதன் மறுபாதி. அன்றிலிருந்து ஓரளவு தூங்கினார்.

மகளுக்கு ஊருக்கு வெளியே ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் கணக்கு வேலை கிடைத்தது. ஆற்றுப் பாலம் தாண்டி, சரிவில் இறங்கிப் போக வேண்டும். அந்தப் பக்கம் பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. காரிலேயே போய்வருகிறேன் என்றாள் மகள். கூடவே கூடாது என்றாள் அம்மா. அவர் கைவைத்த வண்டியில் அவரே போகட்டும், பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். மகள்தான் விடவில்லை. அப்பா இப்போதெல்லாம் பொட்டு வைக்காமல் எதையும் விடுவதில்லை என்று சொல்லி அம்மாவின் வாயை அடைத்தாள். பக்கத்தில் நின்ற அவருக்குப் பெருமையாக இருந்தது. கூடவே அந்தக் கல்லும் வந்து உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி பிரேக் கட்டைகளை மாற்றினார். வலது சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் அசையாமல் நின்ற பிறகு நீளமான ஸ்பேனரால் இறுக்கினார். பொட்டு வைத்தார். இடது சக்கரத்தையும் அதேபோல் கையால் திருகி இறக்கிவைத்த நேரத்தில் போன் வந்தது. ஒரு மருத்துவர், தன் நோயாளியின் பல்செட் பேசும்போது விசில் அடிக்கிறது என்று நீட்டி முழக்கினார். பேசி முடித்துத் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். நாலு நட்டிலும் பொட்டு இருந்தது. சக்கர மூடியைத் தட்டி மாட்டிவிட்டுக் கைகழுவப் போனார்.

திங்கள் காலை மகள் கிளம்பினாள். போனைப் பைக்குள் போட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்தாள். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். தெருமுனையில் ஹாரன் தானாக அடித்தது. நாய்கள் எழுந்து போயின. சத்தம் தேயும்வரை அவர் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை.

ஜன்னல் விளிம்பில் விட்டிருந்த நெயில் பாலிஷ் பாட்டிலை மகளின் அறையில் வைக்கப் போனபோதுதான் அதை வெளிச்சத்தில் பார்த்தார். வெளிர் ரோஜா நிறம். பழைய பாட்டில் அடர்ந்த சிவப்பு. அது காய்ந்துபோய்க் குப்பைக்குப் போய்விட்டது. இந்த ரோஜா நிறத்தைத்தான் நேற்று வலது சக்கரத்தில் வைத்தார். அப்படியானால் இடது சக்கரத்தில் அவர் பார்த்த பொட்டு?

சிவப்பு. நல்ல இரத்தச் சிவப்பு. போன வருஷத்துப் பொட்டு. வலது பக்கத்தைத் துடைத்ததோடு தின்னர் தீர்ந்துபோனதும், இடது பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதும் ஒரே கணத்தில் ஞாபகம் வந்தன.

போனைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். தன் சட்டத்தைத் தானே சபித்தார். அடுப்படியிலிருந்து வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை. "பொண்ணு போற வண்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலாம் போல அவருக்கு இருந்தது.

பக்கத்து வீட்டு வெல்டர் பட்டறைக்குக் கிளம்பி ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். இவர் ஓடிப்போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "என்னண்ணா, லிஃப்ட் கேக்கவே மாட்டீங்களா?" என்றவன், பாலத்துப் பக்கம் விடு, பொண்ணு போற வண்டியில நட்டு இறுக்கல என்று இவர் சொன்னதும் வேகத்தைக் கூட்டினான்.

பெரிய ரோட்டில் ஒரு கும்பல் நின்றது. ஸ்கூட்டர் நிற்கும் முன்பே அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். லாரியிலிருந்து சரிந்த மூட்டைகளைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் ஏறியதும் கைப்பிடி எங்காவது உடைந்திருக்கிறதா என்று கம்பி கம்பியாகப் பார்த்தார். கீழே தண்ணீரைப் பார்க்கத் துணிவில்லை. வெல்டரே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை அண்ணா, தண்ணி சும்மாதான் ஓடுது என்றான். சரிவில் வரும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவர் கண்ணை மூடினார். மூடினால் இன்னும் மோசமாகத் தெரிந்தது. திறந்துகொண்டார்.

சரிவு முடிகிற இடத்தில் ஒரு பஞ்சர் கடை. அதன் முன்னால் மாமனாரின் கார், இடது முன் சக்கரத்தில் மூடி இல்லாமல் நின்றது. மகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். முழுசாக, காலையில் கிளம்பிய அதே சுடிதாரில்.

அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். அங்கேயே நின்றார். கடைக்காரன் அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். சக்கர மூடியைக் கிண்ணம்போல் பிடித்து ஆட்ட, உள்ளே ஒரு நட்டு கடகடவென்று உருண்டது. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பெண் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். ஒன்று கழன்றே விழுந்துவிட்டது, மற்ற மூன்றும் விரலால் சுற்றுகின்றன, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எந்த ஒர்க்‌ஷாப்ல விட்டீங்க தங்கச்சி? மாட்டினவன் வீட்டுல புள்ளகுட்டி இல்லியா?"

மகள் அப்பாவைப் பார்த்துவிட்டாள். "தெரிஞ்ச இடம்தான். எப்பவும் நல்லாத்தான் செய்வாங்க" என்றாள்.

அவர் ஓரடி முன்னால் வந்தார். "நான்தான்ப்பா மாட்டினேன்" என்றார். "புள்ள இருக்கு. இந்தப் புள்ளதான்."

கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். எழுந்து, ஸ்பேனரை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கினார். நட்டின் மேல் வைக்கப் பார்த்தால் அது பக்கத்தில் போய் முட்டியது. மயிரிழையைத் தேய்க்கிற கை, கட்டைவிரல் பருமன் நட்டைப் பிடிக்க மறுத்தது. மகள் வந்து குனிந்தாள். நீங்க வச்சுப் பிடிங்க, நான் மிதிக்கிறேன் என்றாள். ஒவ்வொன்றாக வைத்துப் பிடித்தார். அவள் ஸ்பேனரின் வால் மேல் ஏறி மிதித்தாள். நாலும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வலது சக்கரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். அவள் மறுக்கவில்லை. கடைக்காரனிடம் காசு கொடுக்கப் போனால், அவன் வாங்காமல் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேட உட்கார்ந்துவிட்டான். மனைவிக்கு வெல்டர்தான் போன் போட்டுச் சொன்னான். அழுகிற சத்தம் இவர்வரை கேட்டது.

மகளுக்கு நேரமாகிவிட்டது. நானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவள் ஓட்டினாள். லாரி எதிரில் வந்தால் அவர் கால் தானாகத் தரையை அழுத்தியது. வளைவு வந்தால் இன்னும் பலமாக அழுத்தியது.

"அப்பா, காலை எடுங்க. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."

எடுத்தார். அடுத்த வளைவில் அது மறுபடி அங்கேயே போயிற்று. அவள் கண்டுகொள்ளவில்லை.

ஃபேக்டரி வாசலில் இறங்கி வண்டியைப் பூட்டினாள். சாவியைத் தன்னிடம் கொடுப்பாள், இனிமேல் பஸ்ஸிலேயே போகிறேன் என்பாள் என்று அவர் உள்ளங்கையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கேட்க நினைத்ததும் அதைத்தான். பஸ்ஸில் போனால் அவரும் தூங்குவார்.

அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கும் இதுலதாம்பா வருவேன். ராத்திரி பின்சக்கரத்தையும் ஒரு தடவ பாத்துடுங்க."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவர் திறந்த கையை மூடிக்கொண்டு, காரின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.